கொடுக்கிற கையும் கேமராவும்: வைரல் உதவி வீடியோவுக்கு ஏன் இத்தனை சண்டை?

பாண்டி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் பலூன் விற்கிற ஒரு பெரியவர். ஒரு பையன் வந்து "தாத்தா, எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், எவ்ளோ ஆகும்?" என்று கேட்கிறான். அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்கிறார். இவன் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைக்கிறான், அவர் போதும் போதும் என்கிறார், இவன் நிறுத்துவதாயில்லை. அவர் கும்பிடும் இடத்தில் வீடியோ ஸ்லோமோஷனுக்குப் போகிறது, பின்னால் வயலின் ஆரம்பிக்கிறது, கடைசியில் "பிடிச்சிருந்தா ஃபாலோ பண்ணுங்க". இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பீச் ரோடாக இல்லாவிட்டால் கடலூர் சில்வர் பீச்சாக இருந்திருக்கும், பலூனாக இல்லாவிட்டால் சுண்டலாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கமெண்ட்டைத் திறந்தால் அடிதடி. "அண்ணா நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்று ஒருவர். "குடுக்கறதை வீடியோ எடுத்துத்தான் குடுக்கணுமா?" என்று அடுத்தவர். அவருக்குப் பதிலாக, "நீ ஒரு ரூபா குடுத்திருக்கியா? குடுக்கறவனையும் கெடுக்காத". அப்புறம் எல்லாம் தெரிந்த ஒருவர் வந்து, "அந்தத் தாத்தாவே அவங்க செட் பண்ண ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். வேடிக்கை என்னவென்றால் இவர்கள் யாரும் மோசமான ஆட்கள் கிடையாது. ஒரே முப்பது விநாடியைப் பார்த்து நாலு பேர் நாலு முடிவுக்கு வருகிறார்கள், அந்த முடிவுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு நியாயமும் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்த விஷயத்தை இதுவரை யோசித்தே பார்த்ததில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அடியிலிருந்து வருகிறேன்.

பரவ வேண்டும் என்று திட்டம் போட்டு, கேமரா முன்னால் செய்யும் உதவியை அல்லது உதவிக்காகச் செய்யும் கூத்தை வைரல் சாரிட்டி ஸ்டன்ட் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கொடுப்பவர் தானே ஏதாவது கோமாளித்தனம் பண்ணி, அதைக் காட்டிப் பணம் திரட்டுவது. இன்னொன்று, வாங்குபவரைப் படம் பிடித்து, அவருடைய கண்ணீரைக் காட்டுவது. ரெண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் பாதிச் சண்டை என்பது என் கட்சி. கேமரா யார் முகத்துக்கு நேராக நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் ஓரளவு தெளிந்துவிடும்.

முதல் வகையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது 2014இல் வந்த ஐஸ் பக்கெட் சேலஞ்ச். ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிடப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் அவரும் ஊற்றிக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்றால் 100 டாலர் நன்கொடை தர வேண்டும். பலர் ஊற்றிக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். (இதை மட்டும் நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் வைத்திருந்தால் ஆளுக்கு நாலு வாளி ஊற்றிக்கொண்டிருப்போம், ஒரு பைசா வசூலாகியிருக்காது.) பணம் போனது ஏஎல்எஸ் என்கிற நரம்பு நோய்க்கு. தசைகளை இயக்குகிற நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போய், கை கால் விழுந்து, பேச்சு நின்று, கடைசியில் மூச்சுக்கே வழியில்லாமல் போகிற நோய். விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்தது இதுதான். இந்தச் சேலஞ்சை ஊரெல்லாம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் பீட் ஃப்ரேட்ஸ், பேட் க்வின் என்ற இரண்டு இளைஞர்கள். இரண்டு பேருக்குமே அந்த நோய் இருந்தது. ஃப்ரேட்ஸ் 2019இலும் க்வின் 2020இலும் இறந்துபோனார்கள்.

அந்த ஒரு கோடைக்காலத்தில் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு வந்த தொகை 11.5 கோடி டாலர். கேலி பண்ணியவர்களும் குறைவில்லை. கலிஃபோர்னியா அப்போது கடும் வறட்சியில் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் வாளி வாளியாகக் கொட்டுகிறீர்களே என்றார்கள். நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் நனைந்துவிட்டுப் போன பிரபலங்களைச் சுட்டிக்காட்டி, இது உதவியா விளம்பரமா என்று கேட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில், 2016இல், நோயோடு தொடர்புள்ள என்இகே1 என்ற மரபணு தெரியவந்தது. அதே பணத்தில் கொஞ்சம் ஒரு மருந்தின் சோதனைக்கும் போனது, அந்த மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பெரிய அளவில் சோதித்தபோது பலன் நிரூபணமாகாததால் 2024இல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. சேலஞ்சுக்கு அடுத்த வருஷம், 2015இல், மறுபடியும் வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள், முதல் வருஷத்து வசூலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகக் கூத்து என்று திட்டியவர்கள் சொன்ன மாதிரி முழுக்க வீணும் இல்லை, கொண்டாடியவர்கள் நினைத்த மாதிரி நோய் ஒழிந்துவிடவும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரை வீணாக்குகிறாய், விளம்பரம் தேடுகிறாய் என்று என்னவெல்லாமோ சொன்னார்கள், ஆனால் "நோயாளியை அசிங்கப்படுத்திட்ட" என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழவில்லை. நடுங்கியது கொடுத்தவர். படத்தில் சிரிப்புக்கு ஆளானதும் அவர்தான்.

அதே 2014 ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சுலதா கலாநிதி, ஐஸுக்குப் பதில் அரிசி என்று ரைஸ் பக்கெட் சேலஞ்சை ஆரம்பித்தார். ஒரு வாளி அரிசியை இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்து, போட்டோ போட்டு, மற்றவர்களையும் கூப்பிட வேண்டும். கேரளத்தில் மம்மூட்டி மரம் நடுங்கள் என்று இன்னொரு சேலஞ்சைக் கிளப்பினார். தண்ணீரைக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்கும் பட்டது, இப்போதும் அப்படித்தான். ஆனால் மரத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் அரிசிக்கு உண்டு. ஐஸ் போய் அரிசி வந்ததும் போட்டோவில் இரண்டாவது ஆள் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார், கை நீட்டியபடி. முதல் வகை எங்கே முடிந்து இரண்டாவது வகை எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான இடம் எனக்குத் தெரியாது.

உடனே சிலர், "நம்ம பண்பாட்டில் கொடுக்கிறதை வெளியில சொல்ல மாட்டோம், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்று ஆரம்பிப்பார்கள். அது அவ்வளவு உண்மையில்லைங்க. எந்தக் கோயிலுக்குள் வேண்டுமானாலும் போய் மேலே நிமிர்ந்து பாருங்கள். டியூப்லைட்டில் பாதியை மறைத்து "உபயம்" என்று போட்டு, பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், ஊர் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுத்து போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். மின்விசிறியின் இறக்கையில் பெயர், அண்டாவின் கழுத்தில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். ராஜாக்கள் கோயிலுக்கு ஆடு கொடுத்ததையும் விளக்குக்கு நெய் கொடுத்ததையும் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்யாணத்தில் மொய்யை மைக்கில் வாசிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. விளம்பரம் நமக்குப் புதிதே இல்லை.

ஆனால் அந்த டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கும், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டவர் பெயர் இருக்காது. கல்வெட்டிலும் அப்படித்தான். நம் பழைய விளம்பரம் பெரும்பாலும் கொடுத்தவரோடு நின்றுவிட்டது. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. சாதி என்ன, மதம் என்ன, எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிற இடம், சாப்பிட்டவர் கை கழுவிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ரீல்ஸ் புதிதாகச் செய்தது கொடுத்ததை வெளியில் சொன்னது அல்ல, வாங்கியவர் முகத்தையும் சேர்த்து ஒட்டியதுதான்.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். இதில் உலக அளவில் பெரிய பெயர் மிஸ்டர்பீஸ்ட் என்கிற அமெரிக்க யூடியூபர். 2023 ஜனவரியில், கண் பார்வை மங்கிப்போன 1,000 பேருக்கு ஆபரேஷன் செலவை ஏற்று அதை வீடியோவாகப் போட்டார். அதே வருஷம் நவம்பரில் கென்யா, உகாண்டா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளில் 100 கிணறுகள் தோண்டியதை இன்னொரு வீடியோவாகப் போட்டார். பாராட்டு ஒரு பக்கம் குவிந்தது. இன்னொரு பக்கம், ஒரு மனிதனுக்குக் கண் தெரிவது யூடியூபரின் தயவில் இருக்கிற நிலைமைக்கு வெட்கப்பட வேண்டாமா என்று கேட்டார்கள். குறைபாடு உள்ளவர்களை அழுகைக் காட்சிக்குப் பயன்படுத்துகிறார் என்றார்கள். கென்யாவில் சிலர், ஒரு யூடியூபர் வந்து கிணறு தோண்டுகிற அளவுக்கா நம் அரசாங்கம் இருக்கிறது என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் பாதி அவர் மேல், பாதி தங்கள் அரசாங்கத்தின் மேல்.

அந்தக் கண் ஆபரேஷன் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பாண்டியிலிருந்து கடலூர் போகிற ரோட்டில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 2003இலிருந்து. தாய் மருத்துவமனையை 1976இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கினார். கிராமத்தில் முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவந்து, இலவசமாக ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, மறுபடியும் பஸ்ஸில் ஊரில் கொண்டுபோய் விடுவார்கள். பணம் கட்டுகிற நோயாளிகளின் கட்டணம்தான் கட்ட முடியாதவர்களின் செலவைத் தாங்குகிறது. எல்லா ஊர் அரவிந்தையும் சேர்த்தால் ஆயிரம் ஆபரேஷன் என்பது ஓரிரு நாள் வேலை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற அந்த ஆயாக்களின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆயிரம் பேர் என்று ஒரு வீடியோ உலகத்தையே கலக்கியது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும். அதற்காக வீடியோவைத் தூக்கிப் போடவும் முடியாது. உலகத்தில் பார்வை இழப்புக்கு முதல் காரணமே கண்புரைதான், அதைச் சின்ன ஆபரேஷனில் சரி செய்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெரிந்துகொண்ட பையன்கள் எத்தனை லட்சம் பேரோ.

பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "அவன் சம்பாதிக்கிறான்" என்ற கமெண்ட்டுக்கு அர்த்தம் புரியாது. யூடியூபில் ஒரு சேனல் விளம்பரப் பங்கு வாங்க வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்க்ரைபரும், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடி வியூஸ். தாண்டிவிட்டால், பெரிய வீடியோவில் ஓடுகிற விளம்பரக் காசில் 55 சதவீதம் சேனல்காரருக்கு, ஷார்ட்ஸ் என்றால் அவர் கணக்குக்கு ஒதுக்கிய தொகையில் 45 சதவீதம். இதுபோக நகைக்கடை, செல்போன் கடை, ரியல் எஸ்டேட் என்று ஸ்பான்சர் வரும். ஆக, பலூன்காரருக்குக் கொடுத்த ஐந்தாயிரம் ஒரு பக்கம் தருமம், ஒரு பக்கம் முதலீடு. இதில் தப்பென்ன என்று கேட்டால், என் கணக்கில் முதலீடு என்பது தப்பே இல்லை. வந்த காசை அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி அதன்படி நடப்பவர்களும் இருக்கிறார்கள். முகத்தைக் கொடுத்த பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா என்பதுதான் கேள்வி. படத்தில் நடித்தால் சம்பளம் கேட்டு வாங்குகிறோம். இவருக்குத் தான் நடித்துக்கொண்டிருப்பதே தெரியாது.

இனி, நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பது. இதை யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் நியூமன், டேலியன் கெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஒருவன் ஒரு பெண்ணைக் கவர்வதற்காக அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போய் இலவசமாக வேலை செய்கிறான். அந்த இடம் வீடற்றவர்களுக்கான விடுதி என்று சிலரிடம் சொன்னார்கள், காபிக் கடை என்று வேறு சிலரிடம் சொன்னார்கள். நோக்கம் ஒன்றுதான், வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விடுதியில் வேலை செய்தால் நாலு ஏழைக்காவது நன்மை. ஆனால் இந்தக் கதையைப் படித்தவர்கள் விடுதிக்குப் போனவனைத்தான் காபிக் கடைக்குப் போனவனைவிட மட்டமானவன் என்றார்கள்! சுயலாபத்துக்காகக் காபி போடுபவனை விட்டுவிடுகிறோம், சுயலாபத்துக்காகச் சோறு போடுபவனை விடமாட்டோம். அப்புறம் அவர்களுக்கு, அவன் காபிக் கடையிலேயே இதைச் செய்திருக்கலாமே, அப்போது யாருக்கும் எந்தப் பலனும் இருந்திருக்காதே என்று ஞாபகப்படுத்தியதும் அந்தக் கோபம் தணிந்துவிட்டது.

நம் கமெண்ட் பெட்டியை இது அப்படியே விளக்கிவிடுகிறது. பீச் ரோட்டில் பைக் வீலிங் பண்ணி ரீல்ஸ் போடுபவனை யாரும் "வியூஸுக்காகப் பண்றான்" என்று திட்டுவதில்லை, வியூஸுக்காகத்தானே என்று எல்லோருக்கும் தெரியும். பலூன்காரருக்குப் பணம் கொடுத்தவனைத் திட்டுகிறோம், ஏனென்றால் அவன் தருமம் என்று பெயர் சொல்லிவிட்டான், அப்புறம் அதற்குள் லாபம் கலக்கக் கூடாது என்று நமக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. "நீ என்ன குடுத்த?" என்று எதிர்க்கமெண்ட் போடுபவர், ஆய்வாளர்கள் செய்ததைத்தான் தன் வழியில் செய்கிறார், ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான் என்று ஞாபகப்படுத்துகிறார். கொஞ்சம் மரியாதையாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், கண் கலங்குகிறவர்களையும் ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. பெயரும் முகமும் உள்ள ஒரே ஒரு ஆளைப் பார்த்தால் மனசு இளகும், லட்சம் பேர் என்று எண்ணாகச் சொன்னால் இளகாது, இது மனித சுபாவம். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தைக் காட்டிக் கேட்டபோது கிடைத்த நன்கொடை, பட்டினியில் இருப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கேட்டபோது கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. படத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்துச் சொன்னால்? கூடவில்லை, குறைந்தது. 2021இல் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்கு ஊர் கூடிப் பணம் போட்டதும், இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் ஞாபகம் இருக்கும். அந்தக் குழந்தையின் முகம் இல்லாமல் அது நடந்திருக்குமா என்றால், சத்தியமாக நடந்திருக்காது. அதே நோயோடு, வைரல் ஆகாத வீடுகளில் இருந்த மற்றக் குழந்தைகளையும் அப்போதே சிலர் ஞாபகப்படுத்தினார்கள். முகத்துக்குச் சக்தி இருக்கிறது, அதனால்தான் அதை வைத்து விளையாடக் கூடாது.

கடலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புத்தகப் பாடம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், தாழங்குடா என்று கரையோரக் குப்பங்கள் சிதைந்தன. அப்புறம் லாரி லாரியாக உதவி வந்தது. அந்த உதவியில் ஒரு பகுதி பழைய துணி, மீனவர்கள் கட்டவே கட்டாத துணி, ரோட்டோரம் மலையாகக் குவிந்து நனைந்து கிடந்தது. தெருவெல்லாம் நின்று கை நீட்டிப் பழகாத ஜனங்கள் அவர்கள், அவர்களையே டிவிக்காரர்கள் திரும்பத் திரும்ப அழச் சொல்லிப் படம் பிடித்ததைப் பற்றி அந்தக் குப்பங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர் சொல்வார். அப்போது ரீல்ஸ் இல்லை, ஆனால் விஷயம் இதேதான்.

2015 வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் மக்கள் தவித்தபோது, நிவாரணப் பொட்டலங்களின் மேல் அப்போதைய முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது என்று ஏற்பட்ட சர்ச்சை நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்த வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதிரிப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஒரு அம்மாவிடம் ஒரு பிரெட் பாக்கெட்டை ஆறு பேர் சேர்ந்து பிடித்துக் கொடுக்கிற படம், ஆறு பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அந்த அம்மா மட்டும் பிரெட்டைப் பார்க்கிறார். இன்னொன்று, மளிகைக்கடை பில், பக்கத்தில் அடுக்கி வைத்த பால் பவுடர், நாப்கின், கொசுவத்தி, மெழுகுவர்த்தி, கீழே யார் யார் எவ்வளவு போட்டார்கள், மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு. முதல் படத்துக்குத்தான் ஹார்ட் அதிகம் விழுந்தது. இரண்டாவதற்குத்தான் மறுபடியும் பணம் வந்தது.

வாங்கியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிற பழக்கம் நமக்குக் குறைவு. 2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், ஒரு டிக்டாக்காரர் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மூத்த பெண்ணின் கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்து, பாவம் அந்தக் கிழவி என்று உருகினார்கள். அந்தப் பெண்ணோ ரேடியோ பேட்டியில், தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததைக் கெடுத்துவிட்டார்கள், தன்னை ஒரு மனுஷியாகவே நடத்தவில்லை, அந்தப் பூவைச் சுமந்துகொண்டு டிராமில் வீட்டுக்குப் போகவும் விருப்பமில்லை என்றார். அவருக்கு எந்தக் குறையும் இல்லை, வயது மட்டும்தான் ஆகியிருந்தது.

பணமே வந்தாலும் எல்லாம் சுபமாக முடியாது. டெல்லி மாளவியா நகரில் "பாபா கா தாபா" என்ற சின்னச் சாப்பாட்டுக் கடை. வியாபாரம் இல்லாமல் முதியவர் அழுகிற வீடியோ 2020 அக்டோபரில் பரவியதும் மறுநாளே கடை முன்னால் கூட்டம். கொஞ்ச நாளில், திரட்டிய பணம் முழுசாக வரவில்லை என்று, அந்த வீடியோவை எடுத்த யூடியூபர் மேல் முதியவரே போலீஸில் புகார் கொடுத்தார். அப்புறம் பெரிய ஓட்டல் திறந்தார், அது ஓடவில்லை, சில மாதத்தில் பழைய ரோட்டோரக் கடைக்கே வந்தார், பின்னால் யூடியூபரிடம் மன்னிப்பும் கேட்டார். யார் நல்லவர் யார் கெட்டவர் என்று பிரிக்க முடியாத கதை. வீடியோ கூட்டத்தைக் கொண்டுவரும், கூட்டத்தைத் தாங்குகிற சமையல்கட்டைக் கொண்டுவராது. இதற்கு நேர்மாறாகக் கோவைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வைரலானார், தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அடுப்புக்கும் பிறகு வீட்டுக்கும் உதவினார். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. காரணம் எளிது, அந்த வீடியோவில் பாட்டிதான் கொடுப்பவர்.

இப்போது நீங்களே ஒரு வீடியோ போடுவதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். முகம் வேண்டாம், கையைக் காட்டினால் போதும், பில்லைக் காட்டினால் இன்னும் நல்லது. முகம் வேண்டும்தான் என்றால் முதலில் கொடுத்துவிடுங்கள், அப்புறம் கேளுங்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு "அம்மா, வீடியோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? கொடுத்து முடித்து, அது அவர் சுருக்குப் பைக்குள் போன பிறகு கேட்டால் வருவதுதான் சம்மதம். குழந்தைகளை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆதரவில்லாத, பாதுகாப்புத் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது, ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

ஷேர் பண்ணுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கனடாவில் நடந்த ஒரு ஆய்வில், ஒரு நல்ல காரியத்துக்கான சின்னத்தை எல்லோரும் பார்க்கச் சட்டையில் குத்திக்கொண்டவர்களைவிட, அதையே கவரில் போட்டு ரகசியமாக வாங்கிக்கொண்டவர்கள் பிறகு அதிகப் பணம் கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் ஆதரவு காட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று மனசு ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ரீல்ஸுக்குத் தள்ளும்போது அதுதான் நடக்கிறது.

வீடியோவில் கியூஆர் கோடு இருந்தால் நிதானம் வேண்டும். பணம் தனிநபர் பெயருக்குப் போகிறதா, அமைப்பின் பெயருக்கா என்று ஸ்கேன் பண்ணியதும் திரையில் தெரியும், அனுப்புவதற்கு முன் அந்தப் பெயரைப் படியுங்கள். அதே வீடியோவை வேறு ஒருவர் எடுத்துத் தன் கியூஆர் கோடை ஒட்டிவிட்டு அனுப்புவது வெகு சாதாரணமாக நடக்கிற மோசடி. தொண்டு நிறுவனம் என்றால் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கிற, மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பின் தர்பன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், ரசீது கேளுங்கள். வரிச் சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது, வங்கி வழியாகவே கொடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்று சொன்னால், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு அங்கேயே பில் கவுண்டரில் கட்ட முடியுமா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் முடியும். பீச் ரோட்டுப் பலூன்காரர் மாதிரி ஒருவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், இருபது ரூபாய் சொன்னால் இருபது ரூபாய் கொடுத்து ஒரு பலூன் வாங்குங்கள், பேரம் பேசாமல்.